சொந்தக் காலில் நின்ற தருமம்



மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்தார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பனவே அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நோய் தீராது. ஆனால் ஏழைகளுக்காகத் தரும ஆஸ்பத்திரி ஒன்று நடத்த முற்படுகின்றவர், இந்நான்கும் எதன்மேல் நிற்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். மருந்து வாங்கப் பொருள் வேண்டும். மருத்துவர் உண்ண வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். இவற்றுக்கான பொருள் இந்த ஆண்டு மட்டும் வந்தால் போதாது. கொடுத்த வள்ளல் மறைந்த பிறகும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தொலைவில் இலவச மருந்துச்சாலை ஒன்று இருந்தது. செல்வர் ஒருவர் தம் தாயாரின் நினைவாக அதனை ஏற்படுத்தியிருந்தார். அவர் காலமான இரண்டாம் ஆண்டில் அதன் கதவு பூட்டப்பட்டது. நோயாளிகள் வராமற் போனதால் அன்று; பூட்டிய கதவின் முன்னால் அவர்கள் பல நாள் வந்து நின்றார்கள். நல்லெண்ணம் இருந்தது, அது வேரூன்ற நிலம் இல்லை. இத்தகைய மருந்துச்சாலைகளை நீங்களும் கண்டிருக்கலாம்.

ஏழை மக்களிடையே தோன்றும் மருத்துவத் தொண்டு தன் சொந்தக் காலில் நிற்க முடியுமா? முடியுமாயின் எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடிச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு தீவுக்கு உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலில் கிடக்கிறது நியூஃபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவு. பரப்பில் நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. அதன் வடக்கே, ஒரு நீரிணைக்கு அப்பால், லாப்ரடார் என்னும் கடற்கரையும் அதனை ஒட்டிய எண்ணற்ற சிறு தீவுகளும் உள்ளன. வடதுருவத்திலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் பனிமலைகளைச் சுமந்துகொண்டு அக்கரையோரமாகவே தெற்கு நோக்கிச் செல்லும். ஆண்டில் பாதி நாள் கடல் உறைந்து கிடக்கும், படகுகள் நின்றுவிடும், அக்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியே போக்குவரத்தாக இருந்தது. பாறை மண்ணில் பயிர் அரிது. அன்றைய மக்களுக்கு ஒரே தொழில் காட் என்னும் மீனைப் பிடித்து, உப்பிட்டு, உலர்த்தி விற்பதாக இருந்தது. நம் நெய்தல் நிலத்துக் கருவாட்டு வாழ்க்கைதான். வெயிலுக்குப் பதிலாகப் பனி என்று கொள்ளுங்கள்.

1892ஆம் ஆண்டுக் கோடையில் ‘ஆல்பர்ட்’ என்னும் பாய்மரக் கப்பலில் இளம் மருத்துவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல். 1865இல் பிறந்தவர்; அப்போது வயது 27. லண்டன் ஆஸ்பத்திரியில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸிடம் பயின்றவர். அந்த ஆசிரியர் சொல்லியே மீனவர்களுக்கான கிறித்தவத் தொண்டுச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். கப்பல் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை அடைந்தபோது, ஜூலை 8ஆம் நாள் மூண்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வடக்கே லாப்ரடார் கரைக்குச் சென்று, ஒரே கோடையில் சுமார் 900 நோயாளிகளைக் கவனித்தார்.

அவருள் ஒருவரை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஒரு மாலை, மற்றவர்களெல்லாம் கலைந்த பிறகு, சிறு படகொன்றில் வந்த மனிதர் ஒருவர் அவரைக் கரைக்கு அழைத்துச் சென்றார். மண்ணும் புல்லும் கொண்டு மூடிய குடிசை. தரையில் கூழாங்கற்கள். ஒரு மூலையில் குழந்தைகள் ஒடுங்கியிருந்தனர். கபவாதக் காய்ச்சலில் கிடந்த தகப்பனுக்கு மனைவி கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் மருந்து இருந்தது. ஆனால் அந்த நோயாளிக்கு வேண்டியவை ஒரு கட்டில், நல்ல உணவு, சில வாரப் பணிவிடை. கப்பலோ மேலே செல்ல வேண்டியிருந்தது. அது மீண்டும் அப்பக்கம் வந்தபோது அம்மனிதர் அடக்கமாகிவிட்டார். எதிரே குளிர்காலம், வீட்டில் உழைப்பதற்கு ஆண் இல்லை.

கப்பலில் வந்து போகும் மருத்துவம் போதாது என்று கிரென்ஃபெல் உணர்ந்தார். 1893இல் பேட்டில் ஹார்பர் என்னும் சிறு தீவில் முதல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அதற்கான கட்டடத்தைக் கொடுத்தவர் செயின்ட் ஜான்ஸ் வணிகர் ஒருவர். மறு ஆண்டு, வடக்கே இந்தியன் ஹார்பரில் இரண்டாவது ஆஸ்பத்திரி எழுந்தது. பிறகு நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையிலுள்ள செயின்ட் அந்தோணி என்னும் சிற்றூர் தலைமையிடமாயிற்று. அவ்வூர் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய மரங்களைச் சுற்றுப்புற மக்கள் தாமே காட்டுக்குச் சென்று வெட்டி, நாய் வண்டிகளில் ஏற்றிப் பனிமேல் இழுத்து வந்தார்கள். அவர்களிடம் பணம் இல்லை. கோடரியும் நாய்களும் தோள்வலியும் இருந்தன. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் வருவனவற்றுக்கெல்லாம் வித்து இதுவே.

ஆஸ்பத்திரி வந்தது, நோய் குறைந்ததா? மருந்தால் தேறி வீடு திரும்பியவர் மறு ஆண்டு அதே நோயுடன் வந்தார். காச நோய் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. குழந்தைகளின் எலும்பு வளைந்திருந்தது. காரணத்தைத் தேடிய மருத்துவர் வணிகரின் கணக்குப் புத்தகத்தில் அதனைக் கண்டார்.

அக்கரையில் நடந்த வாணிபம் இத்தகையது: இளவேனிலில் மீனவன் உப்பு, வலை, மாவு, தேயிலை முதலியவற்றை வணிகரிடம் கடனாகப் பெறுவான். இலையுதிர் காலத்தில் தன் மீனை அவரிடமே கொடுப்பான். கொடுத்த பண்டத்துக்கும் அவரே விலை வைப்பார். கொள்ளும் மீனுக்கும் அவரே விலை வைப்பார். ஆண்டு முழுதும் உழைத்தும் கையால் காசைத் தொட்டறியாதவர் பலர். கணக்கு முடியும்போது கடனே மிஞ்சும். அக்கடனுக்காக அடுத்த ஆண்டும் அவரையே நாட வேண்டும். வணிகர் அனைவரும் தீயவர் அல்லர். மீன் விலை வீழ்ந்த ஆண்டுகளில் அவர்களும் வீழ்ந்தனர். 1894 டிசம்பரில் தீவின் வங்கிகள் முறிந்தபோது பெரிய வாணிப நிலையங்களும் சேர்ந்தே சாய்ந்தன. ஆனால் அம்முறையின் சுமை இறுதியில் இறங்கிய இடம் மீனவனின் அடுப்பங்கரை. பட்டினியால் வந்த நோய்க்கு மருந்து கொடுத்து அனுப்புவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போலாகும்.

ஆகவே 1896இல் ரெட் பே என்னும் சிற்றூரில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்று தோன்றுவதற்குக் கிரென்ஃபெல் துணை நின்றார். மீனவக் குடும்பங்கள் சேர்த்த முதல் நூறு டாலரைக்கூட எட்டவில்லை. அவர்கள் தம் மீனைத் தாமே வெளியூருக்கு அனுப்பினர். மாவையும் உப்பையும் மொத்தமாக வாங்கினர். நாளடைவில் கடனிலிருந்து விடுபட்டனர். வேறு சில ஊர்களில் தொடங்கிய பண்டகசாலைகள் கணக்கறிந்து நடத்துவோர் இன்றி நொடித்துப் போயின. இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும். கூட்டுறவுக்கு நல்ல மனம் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வேண்டும் நல்ல கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் கிழவிகள் சொன்னதன் பொருள் அதுவே.

மருத்துவருக்குக் கடை எதற்கு என்று வணிகர்கள் சினந்தனர். அவரை அனுப்பிய லண்டன் சங்கத்தாருக்குங்கூட இம்முயற்சிகளில் ஐயம் இருந்தது. 1917இல் அரசாங்கம் ஒரு விசாரணையே நடத்திற்று. அது தொண்டுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் கிரென்ஃபெல்லின் கருத்து தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது: நோயின் வேர் எங்கே செல்கிறதோ, மருத்துவரும் அங்கே சென்றாக வேண்டும்.

அடுத்து, கொடையைப் பற்றிய அவரது கொள்கை. இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பழைய கம்பளி உடைகள் மூட்டை மூட்டையாக வந்தன. குளிரில் நடுங்கும் மக்களுக்கு அவற்றை வாரி வழங்குவதுதானே தருமம்? அவர் அவ்வாறு செய்யவில்லை. உடலில் வலிமையுள்ளவர் ஆஸ்பத்திரிக்கு விறகு வெட்டித் தர வேண்டும். சாலை போட வேண்டும். அல்லது வேறு ஏதேனும் உழைப்பைத் தர வேண்டும். அதற்கு ஈடாகவே உடை. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விறகு கொடுத்து உடை பெற்றவன் தலை நிமிர்ந்து வீடு சென்றான். ஆஸ்பத்திரியின் அடுப்பும் குளிர்காலம் முழுதும் எரிந்தது. ஒரே மூட்டைத் துணி இருமுறை பயன்பட்டது.

பெண்களின் கைத்தொழில் இதனினும் சுவையானது. அக்கரைப் பெண்கள் சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த ஊசியால் கந்தல் துணிக் கீற்றுகளை அதில் கோத்து இழுத்துத் தரைவிரிப்புகள் செய்வது வழக்கம். மீன்பிடிப்பு இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களே அதற்குரிய காலம். 1906இல் ஜெஸ்ஸி லூதர் என்னும் அமெரிக்கக் கைத்தொழில் ஆசிரியை செயின்ட் அந்தோணிக்கு வந்து நெசவு முதலியவற்றைக் கற்பிக்கலானார். வீட்டுத் தரையில் கிடந்த அவ்விரிப்பும் பின்னர் விற்பனைக்குரிய பண்டமாயிற்று. பனிக்கரடி, நாய் வண்டி, கடற்பறவை, பனிமலை என அவர்கள் கண்ணாரக் கண்டவையே அதன் கோலங்களாயின. சாக்கையும் துணியையும் தொண்டு நிலையம் கொடுத்தது. பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்து கூலி பெற்றனர். 1920களின் இறுதியில், கிழிந்த பட்டுக் காலுறைகளை அனுப்பி வைக்குமாறு அமெரிக்க மாதருக்கு வேண்டுகோள் விடுத்தனர். அவை மூட்டைகளாக வந்து, சாயமேறி, அழகிய விரிப்புகளாகி, மீண்டும் அமெரிக்க நகரங்களுக்கே விலைக்குச் சென்றன. கணவனின் உழைப்பு கடனில் கழிந்த வீடுகளில், மனைவி ஈட்டியது குழந்தைகளுக்குப் பாலும் காலணியுமாயிற்று. அது பிச்சையன்று, ஊதியம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நீண்ட குளிர்காலத்தில் அம்மக்கள் உண்டது தவிடு நீக்கிய வெள்ளை மாவு, தேயிலை, வெல்லப்பாகு, உப்பு மீன். இளவேனில் வருமுன் பலருக்குக் கால் மரத்து நடை தளரும். பெரிபெரி என்னும் அந்நோய் தீட்டிய அரிசி உண்ணும் கீழ்நாடுகளுக்கே உரியது என்று பலர் எண்ணியிருந்தனர். தவிட்டிலுள்ள சத்து நீங்கினால் கோதுமை உண்பவருக்கும் அதே கதிதான் என்பதை அக்கரை காட்டிற்று. அங்கே இந்நோயை ஆராய்ந்து 1930இல் கட்டுரை வெளியிட்டவர் டாக்டர் அய்க்ராய்டு. அவரே 1935இல் நம் நீலகிரியின் குன்னூருக்கு வந்து, அங்கிருந்த உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராகி, இந்தியாவின் அரிசிச் சிக்கலை ஆராய்ந்தார். நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிக் குத்தியதால் அரிசியில் அச்சத்துத் தங்கிற்று என்ற உண்மையை இத்தகைய ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின.

மாவில் தவிடு சேர்த்தால் நோய் போகும் என்றால் வேலை முடிந்ததா? 1934க்குப் பின் அரசாங்கம் பழுப்பு மாவை உதவியாக வழங்கியபோது, இது ஏழைக்கு இடும் மாவு என்று மக்கள் வெறுத்தனர். மானம் பசியைவிடப் பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கிரென்ஃபெல் நிலையத்தார் கண்ணாடி வீடுகளில் முட்டைக்கோசு நாற்று வளர்த்து வழங்கி, ஒவ்வொரு வீட்டிலும் தோட்டம் போடச் செய்தது இவ்வகையில் சிறந்த வழி. தன் கையால் நட்டதை வெறுப்பவர் இல்லை.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. பாலுக்காகவும் இறைச்சிக்காகவும் லாப்லாந்திலிருந்து 300 கலைமான்கள் 1908 ஜனவரியில் மேய்ப்பர்களுடன் வந்திறங்கின. சில ஆண்டுகளில் அவை ஆயிரத்தைத் தாண்டின. பிறகு நோயாலும் திருட்டு வேட்டையாலும் மந்தை தேய்ந்தது. எஞ்சியவற்றை 1918இல் வேறிடத்துக்கு அனுப்பினர். மக்கள் தமது என்று கருதாத செல்வத்தை எந்த வேலியும் காக்காது.

அதே 1908ஆம் ஆண்டு ஏப்ரலில், ஈஸ்டர் நாளன்று, தொலைவிலிருந்த நோயாளி ஒருவரைக் காண நாய் வண்டியில் புறப்பட்டார் கிரென்ஃபெல். உறைந்த விரிகுடாவைக் கடக்கையில் பனி உடைந்தது. ஒரு சிறு பனிப்பாளத்தின்மேல், நனைந்த உடலுடன், கடலை நோக்கி மிதந்து போனார். தம் நாய்களுள் மூன்றைக் கொன்று, அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்தார். மறுநாள் கரையிலிருந்த மீனவர்கள், மோதும் பனிக்கட்டிகளுக்கிடையே உயிரைப் பொருட்படுத்தாது படகு செலுத்திச் சென்று அவரை மீட்டனர். இந்நிகழ்ச்சி உலகெங்கும் பரவி அவருக்குப் பெரும் புகழ் தந்தது. கேட்போர் அனைவரும் மருத்துவரின் வீரத்தையே வியக்கின்றனர். எனக்கோ அப்படகுதான் கண்முன் நிற்கிறது. அன்று கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்?

புகழ் பொருளைக் கொணர்ந்தது. ஆனால் ஒருவர் புகழில் நிற்கும் நிலையம் அவரோடு சாயும். அதனை உணர்ந்தே 1914இல் அகில உலக கிரென்ஃபெல் சங்கம் பதிவு செய்யப்பட்டது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, நியூஃபவுண்ட்லாந்து ஆகியவற்றிலிருந்த ஆதரவுச் சங்கங்கள் அதன் உறுப்புகளாயின. உள்ளூர் இளைஞர்களை நியூயார்க்கின் புரூக்லினிலுள்ள பிராட் தொழிற்கல்லூரிக்கு அனுப்பித் தொழில் பயிற்றுவித்தனர். அவர்கள் திரும்பி வந்து தம் ஊரில் இயந்திரங்களையும் பட்டறைகளையும் கவனித்தனர். 1915இல் வந்த டாக்டர் சார்லஸ் கர்ட்டிஸ் பின்னர் தலைமை ஏற்று 1959 வரை நிலையத்தை நடத்தினார். கிரென்ஃபெல் 1940 அக்டோபர் 9ஆம் நாள் மறைந்தார். மறுநாளும் ஆஸ்பத்திரி வழக்கம்போல் இயங்கிற்று. நிலையம் நிறுவியவருக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இத்தொண்டு தன்னைத் தானே தாங்கிக்கொண்டதா? நேர்மையாகச் சொன்னால், பொருள் வகையில் முழுதும் தாங்கிக்கொள்ளவில்லை. வெளிநாட்டு நன்கொடை இறுதிவரை தேவையாயிருந்தது. அந்நன்கொடைக்காக வறுமையை மிகைப்படுத்திப் பேசித் தங்களைப் பிச்சைக்காரர்போல் காட்டுகிறார் என்று தீவு மக்களுள் சிலர் வருந்தியதும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பிறர் துயரத்தைக் காட்டிப் பொருள் திரட்டுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய குறை இது.

ஆனால் காசு மட்டுமே கால் அன்று. விறகும் உழைப்பும் விரிப்பும் தோட்டமும் கல்வியும் அந்நிலையத்தின் கால்கள். நியூஃபவுண்ட்லாந்து 1949இல் கனடாவுடன் இணைந்தது. மக்களின் வரிப்பணம் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்கு வரலாயிற்று. 1981இல் மாகாண அரசாங்கமே மருத்துவப் பொறுப்பை ஏற்றது. சங்கம் கலைந்துவிடாமல், கல்விக்கும் ஊர்ப் பணிகளுக்கும் நிதி உதவும் அமைப்பாக மாறிற்று. அதே 1981இல் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் துணை ஆளுநராகப் பதவியேற்றவர், 1914இல் இந்தியன் ஹார்பரில் பிறந்த டாக்டர் அந்தோணி பேடன். அவர் தந்தை அத்தொண்டுக்காக அக்கரைக்கு வந்த மருத்துவர். அவரும் தந்தையின் வழியில் அங்கேயே மருத்துவம் செய்தவர். கைக்குழந்தையை நடக்கப் பழக்கும் தாய் ஒருநாள் தன் விரலை விடுவித்துக்கொள்கிறாள். தருமத்தின் வெற்றியும் அவ்வாறு விரலை விடுவித்துக்கொள்வதே.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் பொருள் ஈட்டி அறம் செய்ய எண்ணுவீர்கள். ஓர் ஊருக்கு உதவச் செல்லும்போது, இவர்களிடம் இல்லாதது என்ன என்று கேட்பதற்கு முன், இவர்களிடம் உள்ளது என்ன என்று கேளுங்கள். பணம் இல்லாதவனிடம் கோடரி இருக்கும். கோடரி இல்லாதவளிடம் ஊசி இருக்கும். ஒன்றுமே இல்லை என்று தோன்றும் ஊரிலும் பனிக்கடலில் படகு செலுத்தும் நெஞ்சுரம் இருக்கும். அதனை வாங்கிக்கொண்டு மருந்தைக் கொடுங்கள். கொள்ளத் தெரிந்தவர் கொடுக்கும் தருமமே நிலைக்கும்.